ஏறும் படியும் ஏற்கும் பொறுப்பும்

உழைத்து உயர வேண்டும் என்பது மாந்தர் அனைவர்க்கும் பொதுவான வேட்கை. விதைத்தவன் விளைச்சலை எதிர்நோக்குவது போலக் கற்றவன் பணியை எதிர்நோக்குகிறான். பணி பெற்றவன் அதனினும் மேலான பதவியை எதிர்நோக்குகிறான். இதில் குறை காண ஒன்றும் இல்லை. ஆயினும் உயர்வு என்பது யாது, அதனை எந்தக் கோல் கொண்டு அளப்பது என்னும் வினாவை எழுப்பாமலே படியேறத் தொடங்குவோர் பலர். நம் பிள்ளைகள் பெருந்தொகையாகச் சென்று சேரும் கணினித் துறையில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. அங்கே நிரல் எழுதும் இளைஞர் எட்டொன்பது ஆண்டுகளில் இருவழி பிரியும் ஓரிடத்தில் வந்து நிற்கின்றனர். ‘திட்ட மேலாளர்’ என்னும் பதவி அவர்களை அழைக்கின்றது. ஏற்பதா, மறுப்பதா? ஏற்றபின் எவ்வாறு வளர்வது?

தமிழ்த்துறை மலரில் கணினித் துறைப் பதவியைப் பற்றிய கட்டுரையா எனப் பெரியோர் சிலர் வியக்கக் கூடும். நம்மிடம் முதற்பகுதித் தமிழ் பயின்று செல்வோருள் மிகப் பலர் கணினி அறிவியலும் கணினிப் பயன்பாட்டியலும் வணிகவியலும் கற்பவரே. பட்டம் பெற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்ற பின்னரும் விடுமுறையில் வந்து, தம் தொழில் வாழ்வின் சிக்கல்களைத் தமிழாசிரியரிடம் எடுத்துரைக்கின்றனர். வினவினார்க்கு விடை தேடித் தருதல் ஆசிரியர் கடன். அக்கடனின் ஒரு பகுதியாகவே இக்கட்டுரை அமைகின்றது.

கரியும் நீரும்

யாம் பிறந்து வளர்ந்ததும், இன்றும் தங்கியிருந்து கல்லூரிக்கு வந்து செல்வதும் வடக்குத்து என்னும் ஊர். கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்தில், நெய்வேலி நகரியத்தின் விளிம்பை ஒட்டி அமைந்தது அது. எம் அத்தா அங்கே சாலையோரத்தில் ஒரு தேநீர்க் கடை வைத்திருந்தார். ஷிப்டு மாறும் வேளைகளில் கடை நிறைந்துவிடும். பொறியாளரும் வருவர், ஒப்பந்தத் தொழிலாளரும் வருவர். பதவி உயர்வு என்னும் சொல்லை யாம் முதன்முதலில் கேட்டது அக்கடையின் பலகையில்தான். நகரியத்தில் உயர்வு கண்ணுக்குத் தெரியும் ஒன்று. பதவிக்கேற்ற வகையில் குடியிருப்பு அமையும்; உயர்வு பெற்றவரின் தட்டுமுட்டுகளை ஏற்றிக்கொண்டு வண்டி ஒரு வட்டத்திலிருந்து மற்றொரு வட்டத்திற்குச் செல்லும். வண்டியைக் கண்ட கடைக்காரர்க்கு வேறு அறிவிப்பு வேண்டியதில்லை.

வீட்டின் அளவே உயர்வின் அளவு என்றுதான் இளமையில் யாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது நெய்வேலிச் சுரங்கத்தின் வரலாறு. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே அனைத்திற்கும் தொடக்கம். 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கி வைத்தார். கரிப்படுகை வெளிப்பட்டதோ 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண்ணை மட்டுமே அகழ்ந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது.

அம்மண்ணின் அடியில் இன்னொரு பகையும் இருந்தது. கரிப்படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு நிற்கின்றது. மேலே உள்ள மண்ணை அகற்றினால் அந்நீர் தளத்தைப் பிளந்துகொண்டு பொங்கும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகல் பாராது நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்த பின்னரே கரியை வெட்ட இயலும். இறைப்பது நின்றால் சுரங்கம் நின்றுவிடும். சக்கரம் சுழன்று மண்ணை வெட்டும் பேரெந்திரத்தைக் காணப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அழைத்துச் செல்லப்படுவர், யாமும் சென்றிருக்கிறோம். நீர் இறைக்கும் பம்பைக் காண எவரும் சென்றதாக யாம் அறியோம்.

திட்ட மேலாளர் ஒருவரின் பணியை ஓர் உவமையால் விளக்க வேண்டுமெனின் அந்தப் பம்பையே யாம் சுட்டுவோம். நிரல் எழுதுவோரின் ஆக்கம் திரையில் தோன்றும், எண்ணிக் காட்டலாம். மேலாளர் செய்வதோ, வாடிக்கையாளரின் நெருக்குதல், கால நெருக்கடி, குழுவினருக்குள் எழும் பூசல், முடிவாகாத கேள்விகள் ஆகிய அனைத்தும் அடியிலிருந்து பொங்கி மேலெழாதவாறு நாள்தோறும் இறைத்துக்கொண்டே இருத்தல். பணி செவ்வனே நடக்கும்வரை அவர் இருப்பதே தெரியாது. தெரியாத உழைப்பைச் செய்துகொண்டே உயர்வது எவ்வாறு என்பதே அப்பதவியின் தனிச் சிக்கல்.

மாணவர் எழுப்பிய வினா

2025 ஆகஸ்டுத் திங்களில் எம் பழைய மாணவர் ஒருவர் வடக்குத்தில் எம் இல்லத்திற்கு வந்தார். அவருடைய தந்தையார் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து மகனைப் படிக்க வைத்தவர். மகன் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். அமர்ந்ததும் அவர் கூறியது இது:

“ஐயா, என்னைத் திட்ட மேலாளர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். ஏற்றால் சம்பளம் கூடும். ஆனால் கற்ற தொழில் கையைவிட்டுப் போகும். ஆட்குறைப்பு வந்தால் முதலில் மேலாளர்களைத்தான் நீக்குவார்கள் என்கிறார்கள். ஏற்காவிட்டால் முன்னேற்றத்தில் நாட்டம் இல்லாதவன் என்று பெயர் வந்துவிடும். வீட்டுக் கடன் இருக்கிறது. தங்கையின் திருமணம் இருக்கிறது. என்ன செய்வது?”

அவர் அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்திய திங்களில்தான் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமாகிய டி.சி.எஸ்., தன் பணியாளருள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரைக் குறைக்கப் போவதாக அறிவித்திருந்தது. குறைக்கப்படுவோர் பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலைப் பதவியினர் என்றும் கூறியிருந்தது. மாணவர் பணிபுரிவது அந்நிறுவனத்தில் அன்று. ஆயினும் பக்கத்து வீட்டுக் கூரை பற்றியெரிந்தால் நம் வீட்டுக் கூரையை நனைக்கத்தானே தோன்றும்?

மற்றொரு காரணமும் உண்டு. திட்ட மேலாண்மை என்பது கணினித் துறையில் பிறந்த கலை அன்று. ஹென்றி காண்ட் என்பார் பணிகளையும் நாட்களையும் பட்டைகளாக வரைந்து காட்டும் அட்டவணையை 1910களில் பரவச் செய்தார். நெய்வேலியில் மண்வெட்டு தொடங்கிய அதே 1957ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில், எந்தப் பணி தாழ்ந்தால் முழுத் திட்டமும் தாழும் என்று கண்டறியும் முறை உருவாகிக்கொண்டிருந்தது. மறு ஆண்டில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்கென இதையொத்த மற்றொரு முறையை வகுத்தது. இவை யாவும் பாலம், ஆலை, ஏவுகணை போன்றவற்றுக்கு எழுந்தவை. மென்பொருளின் இயல்போ வேறு. அதன் தேவைகள் பாதி வழியில் மாறும். இதனை உணர்ந்த மென்பொருளாளர் 17 பேர் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி, மாற்றத்தை ஏற்று நடக்கும் புதிய நெறியை அறிவித்தனர். அந்நெறியைச் சார்ந்து இன்று பெருவழக்காய் உள்ள ‘ஸ்கிரம்’ முறையில் திட்ட மேலாளர் என்னும் பெயரே இல்லை. பெயரே இல்லாது போகக்கூடிய பதவிக்கு ஏன் ஏற வேண்டும் என்று இளைஞர் ஐயுறுவது இயல்பே.

யாம் அவருக்கு உடனே விடை கூறவில்லை. மூன்று வினாக்களைத் திருப்பிக் கேட்டோம். தம் கை இன்னும் அழகாகச் செய்து முடிக்கும் ஒரு வேலையைப் பிறர் கை செய்யும்போது பொறுத்திருந்து மகிழ முடியுமா? தீய செய்தியைத் தாமதியாது மேலிடத்திற்குச் சொல்ல முடியுமா? தோல்விக்குக் கீழே தம் பெயரையும், வெற்றிக்குக் கீழே பிறர் பெயரையும் எழுத முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ எனின் பதவியை ஏற்கலாம். ‘இல்லை’ எனின் அதில் இழிவு ஏதும் இல்லை. நுட்பத்தின் வழியாகவே உயர்ந்து செல்லும் மற்றோர் ஏணியும் அத்துறையில் உண்டு. மென்பொருளின் கட்டமைப்பை வகுக்கும் வல்லுநர் பலர் ஆட்களை மேலாளாமலே உயர்நிலை எய்தியவர்கள். நாட்டம் இல்லாத ஏணியில் ஏறுவது காலுக்கும் கேடு, ஏணிக்கும் கேடு.

இராமேசுவரத்து மேலாளர்

மூன்றாம் வினா எமக்கு எங்கிருந்து கிட்டியது என்பதையும் கூற வேண்டும். குடியரசுத் தலைவராகவும் அறிவியலாளராகவும் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களை அனைவரும் அறிவர். அவர் திட்ட மேலாளராக இருந்து வளர்ந்தவர் என்பதை நினைப்பவர் சிலரே. நம் மாணவர் கற்க வேண்டிய பாடம் அவ்வாண்டுகளில்தான் மிகுதியாக உள்ளது.

1931இல் இராமேசுவரத்தில் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலும் பயின்ற அவர், பெங்களூரில் பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையத்தில் சிறு குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். ‘நந்தி’ எனப் பெயரிடப்பட்ட மிதவை ஊர்தி அக்குழுவின் படைப்பு. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பயணமும் செய்தார். ஆயினும் அமைச்சர் மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. வெற்றி பெற்ற ஊர்தியைச் செய்தும் திட்டம் பயனின்றிப் போயிற்று. பதவி ஏணி ஒன்றையே நம்பியவர் அங்கே மனம் உடைந்திருப்பார். அவரோ அப்பட்டறிவைச் சுமந்துகொண்டு விண்வெளி ஆய்வுக்குச் சென்றார்.

செயற்கைக்கோளை ஏவும் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தித் திட்டத்திற்கு அவர் மேலாளரானார். நான்கு கட்டங்களைக் கொண்ட அந்த ஏவூர்தியின் மற்றக் கட்டங்களின் வடிவமைப்பு வெவ்வேறு வல்லுநரிடம் இருந்தது. பிறர் கைவண்ணத்தை ஒன்றிணைத்துக் குறித்த நாளில் நிறுத்துவதே அவர் பொறுப்பு. ஏறத்தாழ ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஏவூர்தி எழுந்தது. முதற்கட்டம் செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாடு பிழைத்தது. ஏவூர்தி கடலில் வீழ்ந்தது.

அன்று செய்தியாளர் முன் நின்றவர் கலாம் அல்லர். விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். தோல்வியின் பொறுப்பைத் தம் தோளில் ஏற்று, இக்குழு மீண்டும் முயன்று வெல்லும் என்று உறுதி கூறினார் அவர். 1980 ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று தவான் செய்தியாளரிடம் கலாமையே பேசுமாறு பணித்தார். இந்நிகழ்வைக் கலாம் தம் வாழ்நாள் முழுதும் மேடைதோறும் சொல்லி வந்தார். பின்னாளில் தாம் பெற்ற விருதுகளைவிட இதனையே அவர் மிகுதியாக நினைவுகூர்ந்தார் என்று யாம் கருதுவதுண்டு. 1982இல் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு ஆய்வு நிலையத்தின் இயக்குநரானார். 1983இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. 1989 மே 22ஆம் நாள் அக்னி எழுந்தது. இப்படிகளுள் ஒவ்வொன்றும் முந்திய பொறுப்பைச் சுமந்த தோளுக்குத் தரப்பட்ட அடுத்த சுமையே எனின் மிகையாகாது.

பொறுப்பு என்பது ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனை ஏற்றவர் திருப்பிக் கொடுக்கும்போது குறையாமல் கொடுத்தல் வேண்டும் என்பது நம் இல்லங்களில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த நெறி. ஒருவர் கையில் பத்துப் பேருடைய உழைப்பும் காலமும் ஒப்படைக்கப்படுவதே மேலாளர் பதவி.

வள்ளுவர் வகுத்த வரிசை

தமிழாசிரியர் என்ற முறையில் யாம் மாணவருக்கு ஒரு நூலையும் சுட்டினோம். திருக்குறளின் பொருட்பாலில் 47 முதல் 52 வரையுள்ள ஆறு அதிகாரங்களை ஒரே அமர்வில் வரிசையாகப் படிக்குமாறு கூறினோம். தெரிந்து செயல்வகை, ஒரு வினையால் அழிவது எது, ஆவது எது என எண்ணிப் பார்த்துத் தொடங்கச் சொல்கிறது. வலியறிதல், வினையின் வலிமையையும் தன் வலிமையையும் ஒப்பிட்டு நோக்கச் சொல்கிறது. காலமறிதலும் இடனறிதலும் எப்போது, எங்கே என்னும் வினாக்களுக்கு உரியவை. தெரிந்து தெளிதல், ஆளைத் தேர்வது பற்றியது. தெரிந்து வினையாடல், தேர்ந்த ஆளிடம் வினையை ஒப்படைப்பது பற்றியது.

இந்த அடைவு முறையை எண்ணி எண்ணி வியக்கலாம். ஆளைத் தேர்வதற்கு முன்பே திட்டமும் வலிமையும் காலமும் இடமும் ஆராயப்படுகின்றன. ஆளைத் தேர்ந்த பின்னரோ, வேலையை அவரிடமே விட்டுவிடுதல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. இன்றைய மேலாளர் பலர் இதனைத் தலைகீழாக்கி, முதலில் ஆட்களைச் சேர்த்துப் பின்னர்த் திட்டத்தைத் தேடுகின்றனர். வேலையை ஒப்படைத்த பின்னும் மணிக்கொருமுறை எட்டிப் பார்க்கின்றனர். அரசர்க்குச் சொன்னவை மென்பொருள் குழுவுக்கும் பொருந்துகின்றன என்பது வெறும் தமிழ்ப் பெருமைக்காகக் கூறுவதன்று. பலரைக் கொண்டு ஒரு வினையை முடிக்கும் இடமெல்லாம் அச்சிக்கல்கள் எழுந்தே தீரும்.

வந்த சோதனை

மாணவர் பொறுப்பை ஏற்றார். சில திங்களில் சோதனையும் வந்தது. வாரந்தோறும் திட்டத்தின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்களால் குறித்து அனுப்புவது அத்துறை வழக்கம். வெவ்வேறு பகுதிகளை ஒன்றிணைத்துச் சோதித்தபோது பிழைகள் பெருகின. இன்னும் இரண்டு திங்கள் வேண்டும் என்பது குழுவினர் அனைவர்க்கும் தெரிந்தது. அவருக்கு மேலிருந்த அலுவலரோ, காலாண்டு முடியும்வரை பச்சை என்றே எழுதுமாறும், நான்கு பேரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுமாறும் கூறினார்.

கூடுதலாக ஆள் சேர்ப்பது தீர்வாகாது என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருந்திட்டம் ஒன்றை நடத்திய பிரெட்ரிக் புரூக்ஸ் 1975இல் தாம் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். தாழ்ந்துவிட்ட மென்பொருள் திட்டத்தில் புதியவரைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்பது அவர் கண்ட உண்மை. பழையவர்கள் தம் வேலையை விட்டுவிட்டுப் புதியவர்க்குக் கற்பிக்க வேண்டும். ஒருவரோடொருவர் கலந்து பேச வேண்டிய இணைப்புகளும் பெருகும். பாதி எழுதிய ஆய்வேட்டை முடிக்கப் புதிதாகப் பத்துப் பேரை அமர்த்தினால் என்ன ஆகும் என்பதை ஆய்வு மாணவர் அறிவர்.

நம் மாணவர் பச்சை என எழுதவில்லை. மஞ்சள் எனக் குறித்து, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, எந்தப் பகுதிகளைக் குறித்த நாளில் தரலாம், எவற்றைப் பின்னர்த் தரலாம் என்னும் பட்டியலையும் இணைத்து அனுப்பினார். வாடிக்கையாளர் அதனை ஏற்றுக்கொண்டனர். ஆனால் அவ்வாண்டு மதிப்பீட்டில் அவருக்கு ஒரு படி குறைத்தே இடப்பட்டது. எதிர்பார்த்த ஊதிய உயர்வில் பெரும்பகுதி கிட்டவில்லை. தங்கையின் திருமணச் செலவைச் சுருக்க வேண்டியதாயிற்று. மெய்யுரைத்தார்க்கு உடனே மாலை விழும் என்று கூறி மாணவரை ஏமாற்ற யாம் விரும்பவில்லை. விலை கொடுத்தே மெய்யுரைக்க வேண்டிய இடங்கள் உண்டு.

இழப்பைத் தொலைபேசியில் கூறியவர், இறுதியில் வேறொன்றையும் கூறினார். அத்திட்டம் முடியும்வரை குழுவில் ஒருவர்கூட வேறு வேலை தேடிப் போகவில்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் அத்துறையில் இது சிறு செய்தி அன்று. அவர் பயிற்றிய இளம்பெண் ஒருவர் அடுத்த திட்டத்தில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளரானார். “அவர் பெயரை நான்தான் ஐயா எழுதிக் கொடுத்தேன்” என்று சொன்னபோது அவர் குரலில் இருந்த நிறைவை யாம் உணர்ந்தோம். அவருடைய பதவி அவ்வாண்டு உயரவில்லை. அவர் உயர்ந்தார் என்பதே எம் கருத்து.

வழி நடப்போர்க்குச் சில சொற்கள்

இவ்வழியில் செல்ல விழையும் மாணவச் செல்வங்களுக்கு, பலரிடம் கேட்டும் கண்டும் யாம் தொகுத்த சிலவற்றை இங்கே உரைக்கின்றோம்.

பொறுப்பை ஏற்குமுன் அதிகாரத்தின் எல்லையைக் கேட்டுத் தெளிக. ஆள், பணம், காலம் ஆகிய மூன்றனுள் எதனை நீவிர் முடிவு செய்யலாம் என்பதை எழுத்தில் பெறுக. மூன்றும் பிறர் கையில் இருக்கப் பழி மட்டும் உம் கையில் இருப்பின் அது பதவி உயர்வு ஆகாது.

கணிப்பேடு ஒன்று வைத்திருங்கள். இவ்வேலைக்கு எத்தனை நாள் ஆகும் எனக் கணித்தீர்கள், உண்மையில் எத்தனை நாள் ஆயிற்று என்பதைத் தவறாது குறித்து வாருங்கள். மூன்றாண்டு எழுதிய கணிப்பேடு, நூறு கூட்டங்களில் பேசிய பேச்சினும் மேலான சான்று. வேலை மாறும்போதும் உடன் வரும் செல்வம் அது.

கற்ற தொழிலை முற்றும் விட்டுவிடாதீர்கள். வாரத்தில் சில மணி நேரமேனும் குழுவினர் எழுதிய நிரலைப் படியுங்கள். பிழை திருத்துவதற்காக அன்று. அவர்கள் படும் பாட்டை அறிவதற்காக. இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலும் எழுதுகின்றன. கூட்டக் குறிப்பும் எழுதுகின்றன. அறிக்கை தொகுப்பது ஒன்றே தொழிலாக இருந்த மேலாளர்க்கு அதனால் இடர் உண்டு. ஆட்களையும் பணியின் உட்கிடையையும் ஒருங்கே அறிந்தவர்க்கு இடர் குறைவு.

சான்றிதழைப் பெறுங்கள், அதனையே நம்பி இராதீர்கள். 1969இல் தோன்றிய அமெரிக்கத் திட்ட மேலாண்மைக் கழகம் 1984 முதல் தேர்வு நடத்திச் சான்று வழங்கி வருகின்றது. வேலைக்கான வாயிலைத் திறக்க அது உதவும். ஆனால் பட்டங்களுக்கும் ஆயுள் உண்டு. யாம் நூலகத்தில் பல நாள் கிடந்து பெற்ற எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளால் நிறுத்திவிட்டது. இனி அதனை எவரும் பெறார். பட்டம் நின்றது, அதற்காகக் கற்ற சுவடியியலும் உரைநெறியும் இன்றும் எம் வகுப்பறையில் பயன்பட்டு வருகின்றன. உங்கள் சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும்.

ஆறு திங்கள் குடும்பச் செலவுக்கான தொகையைச் சேமித்து வையுங்கள். இது மேலாண்மை நூலில் வராத பாடம். வீட்டில் அரிசி இருப்பவர்க்கே அலுவலகத்தில் மஞ்சளை மஞ்சள் என்று எழுதும் துணிவு நிலைக்கும்.

உங்கள் இடத்தை நிரப்பத்தக்க ஒருவரை முதல் நாளிலிருந்தே பயிற்றுங்கள். அவரால் உம் இடம் பறிபோகும் என அஞ்ச வேண்டா. நீங்கிச் செல்ல இயலாதவரை எந்த நிறுவனமும் மேலே அனுப்பாது.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இளைஞர் ஊருக்கு வந்தால் “இப்போது என்ன பதவி, எவ்வளவு சம்பளம்” என்பதே நம் முதற்கேள்வியாக உள்ளது. மணம் பேசும் இடங்களிலும் அதுவே கேள்வி. அக்கேள்வியின் நெருக்குதலால் நாட்டம் இல்லாத பதவியை ஏற்று வாடுவோரை யாம் கண்டிருக்கிறோம். “உன்னோடு வேலை செய்வோர் எப்படி இருக்கிறார்கள்” என்றும் கேட்டுப் பாருங்கள். நம் பெண்மக்களுக்கோ இடர் இன்னும் மிகுதி. பொறுப்பு உயரும் பருவமும் திருமணம், மகப்பேறு ஆகியவற்றின் பருவமும் ஒன்றாகவே வருகின்றன. அவ்விரண்டு மூன்று ஆண்டுகளில் இல்லத்தார் தோள் கொடுத்தால் பத்தாண்டுக் கல்வி வீண்போகாது.

இம்மலரையே எடுத்துக்கொள்வோம். கட்டுரை கேட்டு ஆசிரியர்களைப் பின்தொடர்ந்தவர், கடைகடையாக ஏறி விளம்பரம் பெற்றவர், மெய்ப்புத் திருத்தியவர், அச்சகத்தில் காத்திருந்தவர் ஆகிய மாணவர் பலர். அவர்களுள் பலருடைய பெயர் எந்தக் கட்டுரையின் கீழும் இராது. ஆயினும் அவர்கள் இல்லையெனின் இப்பக்கங்கள் இல்லை. திட்ட மேலாண்மையின் முதற்பாடத்தை அவர்கள் தம்மை அறியாமலே கற்றுவிட்டனர். அப்பாடத்தை மறவாது, பெரும் பொறுப்புகளையும் அவ்வாறே சுமந்து, தம்மோடு பிறரையும் உயர்த்தி வாழ்வார்களாக என உளமார வாழ்த்துகின்றோம்.